வெறும் கலயம்

நொஷிரோ, அகிதா
14 அக்டோபர் 1986

குசுநோகி அயாகோ அவர்களுக்கு,

என் பெயர் ஹதகெயாமா தொமியே. உங்களுக்கு என்னைத் தெரியாது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சமைக்கும் வேலை பார்க்கிறேன். போன வாரம் அறிவியல் வாத்தியார் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கே வந்துவிட்டார். "தொமியே அக்கா, இதப் பாருங்க. நம்ம ரியோகிச்சி அண்ணன் போன எடத்துல கெடச்ச கல்லாம். நிலாவுலேர்ந்து விழுந்ததாம். தோக்கியோல ஒரு டாக்டரம்மா கண்டுபிடிச்சிருக்காங்க" என்றார்.

அந்த டாக்டரம்மா நீங்கள்தான். அதனால் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் ஹதகெயாமா ரியோகிச்சி, தென்துருவத்துக்குப் போன குழுவில் பனிவண்டி மெக்கானிக். போன வருடம் ஜனவரியில் இறந்துபோனார். குழுத் தலைவர் செரா ஐயா எங்கள் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். அன்று காலையில் இவர் வண்டியை நிறுத்தி இறங்கி, பனிமேல் கிடந்த ஒரு கல்லைக் காட்டினாராம். "படிச்சவங்க எல்லாம் தூங்குறீங்க, மெக்கானிக்குதான் கண்ணு" என்று கேலி செய்தாராம். மத்தியானம் பின்னால் வந்த சறுக்குவண்டியில் சாமான் கட்டிய கயிற்றை இறுக்கிவிட்டு வருகிறேன் என்று நடந்து போயிருக்கிறார். காலுக்கடியில் பனி உள்வாங்கிவிட்டது. கயிறு இறக்கிப் பார்த்தார்கள். அடி எட்டவில்லை. கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் இல்லை. யார்மேலும் தப்பில்லை என்று செரா ஐயா சொன்னார். நானும் சரி என்றேன். அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

செய்தித்தாளில் வந்திருப்பது அந்தக் கல்தானா? அதை மட்டும் சொல்லுங்கள்.

அந்தக் கல்தான் என்றால் ஒரு உதவி வேண்டும். எங்கள் வீட்டுச் சாமி மாடத்தில் இவருடைய அஸ்திக் கலயம் இருக்கிறது. உள்ளே ஒன்றுமில்லை. கல்லறையில் வைத்துவிடலாம் என்று கோயில் குருக்கள் சொல்கிறார். என் மாமனார் ஷிகேசோ விடமாட்டேன் என்கிறார். "வெறும் கலயத்தப் பொதைக்க நான் என்ன பைத்தியமா?" என்கிறார். அந்தக் கல்லில் நகம் அளவு கிடைத்தால் கலயத்தில் போட்டுவிடுவோம். செலவு ஏதாவது இருந்தால் கொடுத்துவிடுகிறோம்.

ஹதகெயாமா தொமியே


தோக்கியோ
2 நவம்பர் 1986

திருமதி ஹதகெயாமா அவர்களுக்கு,

இலையுதிர்காலம் முற்றிவரும் இவ்வேளையில் தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமென நம்புகிறேன். தங்கள் கணவரின் மறைவுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்.

தாங்கள் கேட்ட கல் அதுதான். செரா அவர்களிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். அதைத் தங்கள் கணவர்தான் எடுத்தார்.

கோழிமுட்டையைவிடச் சற்றுச் சிறிய கல். வெளிப்புறம் பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் கண்ணாடிபோல் உருகியிருக்கிறது. உள்ளே கரிய மண்ணில் வெள்ளைத் துணுக்குகள். விண்ணிலிருந்து விழுகிற பெரும்பாலான கற்களில் இப்படி வெள்ளை இருக்காது. இரும்பும் மாங்கனீசும் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்று அளந்தபோது சந்தேகம் தீர்ந்தது. நிலாமேல் ஏதோ பெரிய கல் மோதி, அங்கிருந்து தெறித்த துண்டு இது.

தங்கள் கோரிக்கையை எங்கள் பேராசிரியர் ஒகினோ அவர்களிடம் தெரிவித்தேன். இவ்வகைக் கற்கள் நாட்டின் உடைமை. எந்த அளவிலும் தனியாருக்கு வழங்க இயலாது. வருந்துகிறேன். கல்லின் புகைப்படம் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன்.

குளிர் தொடங்கிவிட்டது. உடல்நலம் பேணவும்.

குசுநோகி அயாகோ


நொஷிரோ
20 நவம்பர் 1986

டாக்டரம்மாவுக்கு,

இங்கே இலையெல்லாம் எப்போதோ உதிர்ந்துவிட்டது. போன வாரமே பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது.

புகைப்படம் கிடைத்தது. அதில் கல் இரண்டாக இருக்கிறது. அவர் எடுத்தபோது ஒன்றாகத்தானே இருந்திருக்கும்? என் மாமனார் படத்தைக் கையில் வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அறுத்துட்டாங்களா?" என்றார். "ஆமா மாமா, அறுத்துத்தான் ஆராய்ச்சி பண்ணுவாங்களாம்" என்றேன். "அறுக்குறதுக்கு மட்டும் குடுப்பாங்க. பெத்தவனுக்குக் குடுக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். அன்றிலிருந்து கஞ்சி மட்டும்தான் குடிக்கிறார்.

நான் சண்டை போட எழுதவில்லை. எனக்குச் சண்டை போடவும் வரவில்லை. தகவல் வந்த அன்று பள்ளிக்கூடத்துத் தொலைபேசியில்தான் சொன்னார்கள். கேட்டுவிட்டு வந்து, மிச்சமிருந்த முள்ளங்கியை நறுக்கி முடித்தேன். அதற்கப்புறமும் அப்படியேதான் இருக்கிறேன். ஊரில் எல்லோரும் "தைரியமான பொம்பள" என்கிறார்கள். தைரியம் இல்லை. ரொம்ப நேரம் காலை மடக்கி உட்கார்ந்தால் மரத்துப்போகுமே, கிள்ளினாலும் தெரியாதே, அந்த மாதிரிதான். ஆனால் அது கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்.

ஒன்று மட்டும் கேட்கத் தோன்றியது. செய்தித்தாளில் உங்கள் பெயர் மூன்று இடத்தில் இருக்கிறது. அவர் பெயர் ஒரு இடத்திலும் இல்லை. ஏன்?

தொமியே


தோக்கியோ
11 ஜனவரி 1987

தொமியே அவர்களுக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத இத்தனை நாள் எடுத்துக்கொண்டதற்கு மன்னிக்க வேண்டும். பலமுறை எழுதினேன். எல்லாமே முந்தைய கடிதம் போலவே அமைந்துவிட்டதால் அனுப்பவில்லை.

ஏன் என்று கேட்டீர்கள். கல்லுக்குப் பெயர் வைக்கும்போது அது கிடந்த இடத்தின் பெயரையும் ஒரு எண்ணையும் வைப்பதுதான் வழக்கம். எடுத்தவர் பெயர் சேராது. அதனால் கட்டுரையில் அவர் பெயரைச் சேர்க்கலாமா என்று ஒகினோ அவர்களிடம் கேட்டேன். "வண்டி ஓட்டுனவர் பேரப் போட்டா சமையல்காரர் பேரையும் போடச் சொல்லுவாங்கம்மா" என்றார். கடைசியில் நன்றி சொல்லும் பகுதியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். சிறிய எழுத்தில் இருக்கும். அவ்வளவுதான் முடிந்தது.

நான் எப்படி இந்த வேலைக்கு வந்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். ஒசாக்காவில் உலகக் கண்காட்சி நடந்தபோது, அமெரிக்கர்கள் நிலாவிலிருந்து கொண்டுவந்த கல்லை வைத்திருந்தார்கள். அப்பாவோடு வெயிலில் அரைநாள் வரிசையில் நின்றேன். "ஒரு கல்லப் பாக்கவா இம்புட்டுக் கூட்டம்? நம்ம ஆத்துல கெடக்காத கல்லா?" என்று அப்பா சத்தமாகவே சொன்னார். வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். உள்ளே போனதும் நின்று பார்க்க விடவில்லை. நடந்துகொண்டே பார்க்க வேண்டும். ஆனால் அந்தக் கல்லைப் பக்கத்தில் இருந்து பார்க்கும் வேலை ஒன்று இருக்கிறதென்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

படித்தேன். வேலை கிடைத்தது. தென்துருவத்துக்குப் போக மூன்று முறை விண்ணப்பித்தேன். பெண்களை அங்கே அனுப்புவதில்லை. "தனி குளியலறைக்கு எங்க போறது?" என்றார்கள். ஆகவே மற்றவர்கள் பொறுக்கி வருவதைத்தான் இத்தனை வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அங்கத்திய பனி எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது.

உங்கள் கணவர் எடுத்த கல் நிலாவுடையது என்று உறுதியானபோது அறையில் இருந்த எல்லோரும் கைதட்டினார்கள். இருபது வயதிலிருந்து காத்திருந்த நாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அளவுக் கருவி பழுதாகியிருக்குமோ என்று மட்டும் நினைத்தேன். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் அப்பா இறந்திருந்தார். காரியம் முடிந்த மறுநாளே வேலைக்கு வந்துவிட்டேன். மரத்துப்போவது பற்றி நீங்கள் எழுதியதை அதனால்தான் பலமுறை படித்தேன்.

கல்லைக் கொடுக்க என்னால் முடியாது. ஆனால் பார்க்க வரலாம். உங்கள் மாமனாரையும் அழைத்து வாருங்கள். நான் அனுமதி வாங்குகிறேன்.

குசுநோகி அயாகோ


(அஞ்சலட்டை)
நொஷிரோ, 24 பிப்ரவரி 1987

டாக்டரம்மா, மார்ச் 21 வசந்த விடுமுறை. பள்ளிக்கூடம் இல்லை. முதல்நாள் ரயிலேறி வருகிறோம். மாமனார் வரமாட்டேன் என்றார். அப்புறம் நான் கேட்காமலே சலூனுக்குப் போய் முடி வெட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். — தொமியே


தோக்கியோ
30 மார்ச் 1987

தொமியே அவர்களுக்கு,

நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். கொண்டுவந்த ஊறுகாயை எல்லோரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

எழுதச் சங்கடமான ஒன்றை எழுத வேண்டியிருக்கிறது. அன்று தட்டில் பெரிய துண்டு இரண்டும், அறுக்கும்போது உதிர்ந்த சிறு துண்டுகளும் வைத்திருந்தேன். மறுநாள் எடை போட்டபோது சிறு துண்டுகளில் ஒன்று இல்லை. பட்டாணி அளவு இருக்கும். கீழே விழுந்திருக்கலாம் என்று அறை முழுவதும் தேடிவிட்டேன். துணியில் ஒட்டிக்கொண்டு போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. உங்கள் மாமனாரின் மேல்சட்டையை ஒருமுறை பார்த்துச் சொல்ல முடியுமா?

ஒகினோ அவர்களுக்கு இன்னும் தெரியாது.

குசுநோகி அயாகோ


நொஷிரோ
9 ஏப்ரல் 1987

டாக்டரம்மாவுக்கு,

துணியில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. அவர்தான் எடுத்தார்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் நேரே போய்க் கேட்டேன். மறைக்கவில்லை. "மூக்குக் கண்ணாடிக் கூட்டுல போட்டுக் கொண்டாந்தேன். கலயத்துல போட்டாச்சு. குருக்கள் வந்து மந்திரமும் சொல்லிட்டாரு" என்றார். "மாமா, இது திருட்டு. அந்தம்மா வேல போயிரும்" என்றேன். "எம் புள்ள பொறுக்குனத நான் எடுத்தா திருட்டா? அவங்க பனி முழுங்குனது எம் புள்ளைய. நான் எடுத்தது பட்டாணி. கணக்குப் பாக்கச் சொல்லு" என்றார்.

சரி, கலயத்தைக் கல்லறையில் வைத்துவிடலாமா என்றேன். "நான் போறப்ப ரெண்டு பேரும் சேந்து போறோம். அதுவரைக்கும் இங்க இருக்கட்டும்" என்கிறார். தினமும் மாடத்துக்கு முன்னால் உட்கார்ந்து, இன்றைக்கு ஆற்றில் தண்ணீர் எவ்வளவு, யார் வீட்டில் கல்யாணம் என்று அவரிடம் பேசுகிறார். சோறு சாப்பிடுகிறார். நேற்று மீன் கேட்டார்.

நீங்கள் சொன்னால் அவர் தூங்கும்போது எடுத்து அனுப்பிவிடுகிறேன். சத்தியமாக அனுப்புவேன். அவர் அப்புறம் என்ன ஆவாரோ தெரியாது. முடிவு உங்களுடையது. என்னால் எதையும் முடிவு செய்ய முடியவில்லை. இரண்டில் எதைச் செய்தாலும் எனக்கு ஒரே மாதிரிதான் இருக்கும்போல.

ஒன்று கேட்கிறேன். அன்று தேநீர் வாங்கிவருகிறேன் என்று எங்களைத் தட்டோடு விட்டுவிட்டு வெளியே போனீர்கள். நானும் பின்னாலேயே கழிப்பறைக்குப் போய்விட்டேன். ஆனால் வாசலுக்கு வெளியே மேஜையில் ஃபிளாஸ்க் நிறையத் தேநீர் இருந்ததைப் பார்த்தேன். கோப்பைகூட இருந்தது. நீங்கள் ஏன் அவ்வளவு தூரம் போனீர்கள்?

தொமியே


தோக்கியோ
15 ஏப்ரல் 1987

தொமியே அவர்களுக்கு,

அனுப்ப வேண்டாம்.

அறுக்கும்போது என் கவனக்குறைவால் ஒரு துண்டு தொலைந்துவிட்டதென்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இதைப் பற்றி இனி யாரும் உங்களிடம் கேட்க மாட்டார்கள்.

ஃபிளாஸ்க் அங்கே இருந்தது எனக்குத் தெரியும்.

அயாகோ


நொஷிரோ
18 பிப்ரவரி 1989

அயாகோ அம்மாவுக்கு,

இரண்டு வருடமாகப் புத்தாண்டு வாழ்த்து அட்டை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தீர்கள். "நலமாக இருக்கிறேன், வேலை வழக்கம்போல்" என்று எழுதினீர்கள். நானும் நம்பினேன்.

போன மாதம் என் மாமனார் இறந்துவிட்டார். காலையில் சாப்பிட்டார், மாடத்துக்கு முன்னால் உட்கார்ந்தார், அப்படியே சாய்ந்துவிட்டார். துக்கத்துக்குச் செரா ஐயா வந்திருந்தார். உங்களைப் பற்றி விசாரித்தேன். "உங்களுக்குத் தெரியாதா? நிலாக் கல்லு அவங்க கையில இல்ல இப்போ. ஒரு துண்டத் தொலைச்சுட்டாங்கன்னு எடுத்துட்டாங்க. சின்னப் பையன் ஒருத்தன்தான் அதப் பாக்குறான். அந்தம்மா கீழ்த்தளத்துல சாதாரணக் கல்லுங்களப் பிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க" என்றார். அமெரிக்காவில் நடந்த மாநாட்டுக்கும் உங்களுக்குப் பதில் அவன்தான் போனானாம்.

ஏன் எனக்கு எழுதவில்லை? உங்களுக்கு ஆபத்து என்று தெரிந்துதானே நான் உங்களிடம் முடிவு கேட்டேன், நடந்ததைச் சொல்லியிருக்கலாமே? எனக்குக் கோபம் வந்தது. ரொம்ப நாளைக்கப்புறம் வந்தது. நல்ல விஷயமா கெட்ட விஷயமா தெரியவில்லை, சொல்கிறேன்.

தொலைந்த துண்டு கிடைத்துவிட்டால் உங்கள் வேலை திரும்பக் கிடைக்குமா என்று செரா ஐயாவிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன். "கெடச்சா ஒகினோவால ஒண்ணும் சொல்ல முடியாது. குடுத்துத்தான் ஆகணும்" என்றார்.

மாமனார் போய்விட்டார். இனி யாருக்காக ஒளித்து வைக்க வேண்டும்? உங்களுக்கு அனுப்பலாம் என்று கலயத்தைத் திறந்து துணிமேல் கொட்டினேன். ஐந்து கல் விழுந்தது.

எல்லாம் பட்டாணி அளவு. எல்லாம் சாம்பல் நிறம், வெள்ளைப் புள்ளி. மற்ற நாலையும் யொனெஷிரோ ஆற்றங்கரையில் மாமனார் பொறுக்கியிருக்க வேண்டும். ரியோகிச்சி சின்ன வயதில் மீன் பிடிக்கிற இடம் அது. எப்போது போட்டார், ஏன் போட்டார் என்று தெரியவில்லை. நான் எடுத்து அனுப்பிவிடுவேன் என்று பயந்தாரா, இல்லை மகனுக்கு ஒற்றைக் கல் போதாது என்று நினைத்தாரா? கேட்க ஆள் இல்லை.

எது நிலா என்று எனக்குத் தெரியவில்லை. பனி உருகியதும் ஏப்ரலில் அப்பா, மகன் இரண்டு பேர் கலயத்தையும் கல்லறையில் வைக்கிறோம். அதற்கு முன்னால் நீங்கள் வந்து பார்த்து எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்.

தொமியே


தோக்கியோ
5 மார்ச் 1989

தொமியே அவர்களுக்கு,

ஷிகேசோ ஐயாவின் மறைவுக்கு வருந்துகிறேன். இது சம்பிரதாயத்துக்கு எழுதுவதல்ல. அன்று கையுறை மாட்டிவிட்டபோது, "எனக்கெதுக்கும்மா இது, எம் புள்ள வெறும் கையாலதான எடுத்திருப்பான்" என்றார். இல்லை, அவரும் கையுறையோடுதான் எடுத்திருப்பார் என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டேன்.

செரா சொன்னது உண்மை. எழுதாததற்குக் காரணம், எழுத ஒன்றுமில்லை என்பதுதான். ஒகினோ என்னைக் கூப்பிட்டு, "குசுநோகி, இத்தன வருசத்துல நீ ஒரு தூசியக்கூடத் தொலைச்சதில்லயே. நெசமாவே தொலைஞ்சுதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "சரி, கீழ போ" என்றார். போனேன். மேஜையை மாற்றிக்கொண்டேன். அழுகையும் வரவில்லை, ஆத்திரமும் வரவில்லை.

கீழ்த்தளத்தில் ஆயிரக்கணக்கான கற்கள் இருக்கின்றன. எல்லாம் ஏறக்குறைய ஒரே வகை. எடை போட்டு, பெயரெழுதி, பெட்டியில் வைக்க வேண்டும். அந்தப் பையன் நல்லவன்தான். ஆனால் அவன் எழுதிய கட்டுரையைப் படித்தபோது, ஒரு வெள்ளைத் துணுக்கைத் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது தெரிந்தது. மேலே போய்ச் சொல்லலாம் என்று எழுந்தேன். மறுபடி உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கல்லை மீண்டும் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இருக்கிறது. இல்லை என்று எழுதினால் பொய்யாகும்.

பன்னிரண்டு மாத வேலை மிச்சமிருந்தது அதில். முடித்திருந்தால், நிலாவின் எந்தப் பக்கத்திலிருந்து அது தெறித்தது என்றுகூடச் சொல்லியிருக்க முடியும்.

வருகிறேன். எடுத்துக்கொள்வேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. லென்ஸ் கொண்டுவருகிறேன்.

அயாகோ


நொஷிரோ
27 ஏப்ரல் 1989

அயாகோ அம்மாவுக்கு,

நீங்கள் ரயிலேறிப் போன மறுநாள் கல்லறைக் காரியம் நல்லபடியாக முடிந்தது. கொத்தனார் கல்லறையின் கற்பலகையைத் தூக்க, குருக்கள் மந்திரம் சொல்ல, இரண்டு கலயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மழை வரும்போல இருந்தது, வரவில்லை. அறிவியல் வாத்தியாரும் வந்திருந்தார்.

இப்போது பெண்களையும் தென்துருவப் பனிக்கு அனுப்பத் தொடங்கிவிட்டதாகவும், நீங்கள் மறுபடி விண்ணப்பம் போட்டிருப்பதாகவும் நடைமேடையில் சொன்னீர்கள். அப்போது தலையை மட்டும் ஆட்டினேன். இப்போது சொல்கிறேன்: போய் வாருங்கள். அங்கே அவருக்காக எதுவும் செய்ய வேண்டாம், பூ எல்லாம் போட வேண்டாம். உங்கள் வேலையைப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்.

அன்று ஐந்து கல்லையும் வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தேன். முதல் கல்லை எடுத்து லென்ஸில் வெகுநேரம் பார்த்தீர்கள். இரண்டாவதையும் அப்படியே. மூன்றாவதை எடுத்தீர்கள், லென்ஸைக் கண்ணுக்குக் கொண்டுபோகவே இல்லை. சூடு பட்டது மாதிரி கீழே வைத்துவிட்டீர்கள். அப்புறம் நாலாவதையும் ஐந்தாவதையும் முதல் இரண்டைவிட அதிக நேரம் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு, "தெரியலம்மா. ரெண்டு வருசத்துல ஈரம் பட்டு எல்லாம் ஒரே மாதிரி ஆயிருச்சு. என்னால சொல்ல முடியல" என்றீர்கள். நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். உங்கள் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

நீங்கள் போனபிறகு அந்த மூன்றாவது கல்லைக் கையில் எடுத்தேன். கொஞ்ச நேரம் மூடி வைத்திருந்தேன். பிறகு ஐந்தையும் ஒன்றாகக் கலக்கிக் கலயத்தில் போட்டு மூடிவிட்டேன்.

யாராவது வந்து கேட்டால், எனக்கும் தெரியாது.

தொமியே